ஹெட்ஃபோன் ஆம்ப்ல எந்த ஓப்-ஆம்ப் போடறது, பஃபர் எப்ப வேணும்

சொந்தமா ஹெட்ஃபோன் ஆம்ப் கட்டலாம்னு உட்கார்றவங்க எல்லாருமே முதல்ல கேக்கறது "எந்த ஓப்-ஆம்ப் நல்லா இருக்கும்?"னுதான். ஓப்-ஆம்ப்னா சிக்னல பெருக்கற சின்ன சிப்பு. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், ஒரு எட்டு கால் சாக்கெட்ட சால்டர் பண்ணி வச்சுக்கிட்டு கைக்கு கிடைச்ச சிப்பையெல்லாம் மாத்தி மாத்தி சொருகி ராத்திரி பூரா கேட்டுக்கிட்டு கிடந்தேன். அந்தக் கேள்விக்கு நேரா பதிலே கிடையாதுன்னு புரியறதுக்கு ரொம்ப நாள் ஆச்சு. சிப்ப அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல உங்க ஹெட்ஃபோன எடுத்து முன்னாடி வைங்க. அதுக்கு எத்தனை வோல்ட் வேணும், எத்தனை மில்லிஆம்ப் வேணும்னு ரெண்டு நம்பர் தெரிஞ்சா போதும், பாதி சிப்பு லிஸ்ட்ல இருந்து தானா விழுந்துடும்.

கணக்கு ஒண்ணும் பெருசில்ல. ஹெட்ஃபோன் பெட்டியில இம்பீடன்ஸ் எத்தனை ஓம், சென்சிட்டிவிட்டி எத்தனை டெசிபல்னு போட்டிருக்கும். அந்த டெசிபல் ஒரு மில்லிவாட்டுக்கா இல்ல ஒரு வோல்ட்டுக்கான்னு கட்டாயம் பாருங்க, 32 ஓம் ஹெட்ஃபோன்ல இந்த ரெண்டுக்கும் நடுவுல 15 டெசிபல் வித்தியாசம் இருக்கு, அத கவனிக்காம விட்டா மொத்த கணக்கும் கவுந்துடும். பாட்டுல நடுவுல வர்ற உச்சகட்ட அடிக்கு 110 டெசிபல் கிடைச்சா போதும்னு வச்சுக்கலாம். அது ஒரு நொடிக்கும் குறைவா வந்து போற பீக்குக்கான அளவு, அந்த சத்தத்துலயே தொடர்ந்து கேட்டா காது போயிடும்.

மூணு ஹெட்ஃபோன எடுத்துக்குவோம். முதல்ல சாதாரண 32 ஓம், மில்லிவாட்டுக்கு 100 டெசிபல். 110 வரணும்னா 10 மில்லிவாட், அதாவது 0.57 வோல்ட் ஆர்எம்எஸ் (சராசரி மாதிரியான அளவு, பீக் இதுல 1.4 மடங்கு), கரண்ட் பீக்குல 25 மில்லிஆம்ப். ரெண்டாவது 300 ஓம், 97 டெசிபல். இதுக்கு 20 மில்லிவாட் வேணும், வோல்ட்டேஜ் 2.45 ஆர்எம்எஸ், ஆனா கரண்ட் பீக்குல 11.5 மில்லிஆம்ப்தான். மூணாவது 35 ஓம் பிளேனார் (தட்டையான மெல்லிய படலம் அதிர்ற வகை ஹெட்ஃபோன்), 90 டெசிபல். இதுக்கு 100 மில்லிவாட் வேணும், 1.87 வோல்ட், கரண்ட் பீக்குல 76 மில்லிஆம்ப். மூணுலயும் காதுக்கு வர்ற சத்தம் ஒண்ணுதான், ஆனா ஒருத்தன் வோல்ட்டேஜ் கேக்கறான், ஒருத்தன் கரண்ட் கேக்கறான். "300 ஓம் ஓட்றது கஷ்டம், 35 ஓம் ஈஸி"ன்னு பொதுவா சொல்றாங்கல்ல, ஓப்-ஆம்ப் பக்கம் நின்னு பாத்தா பல நேரம் அது அப்படியே தலைகீழ்.

இப்ப சிப்புக்கு வருவோம். என்இ5532 எடுத்துக்கோங்க, 1970கள் கடைசியில வந்தது, இன்னைக்கும் ஆடியோ கருவிகளுக்குள்ள எங்க திறந்தாலும் இது இருக்கும். 600 ஓம் லோடை ஓட்றதுக்குன்னே செஞ்ச சிப்பு, நாய்ஸ் (சிப்பே போடற உஸ் சத்தம்) ரூட் ஹெர்ட்ஸுக்கு 5 நானோவோல்ட், அவுட்புட்ட ஷார்ட் பண்ணா வர்ற கரண்டே சுமாரா 38 மில்லிஆம்ப்தான். அப்ப மேல போட்ட மூணுல 300 ஓம் ஹெட்ஃபோனுக்கு இது தாராளமா போதும், 32 ஓமுக்கு சத்தமா வைக்காத வரைக்கும் ஓட்டும் ஆனா டிஸ்டார்ஷன் மெல்ல ஏற ஆரம்பிக்கும், பிளேனார்கிட்ட கொண்டு போகவே வேண்டாம். டிஎல்072 இன்னும் மோசம், அது கிலோஓம் கணக்குல இருக்கற லோடுக்கான சிப்பு, ஆம்புக்குள்ள வேற எடத்துல போடுங்க, ஹெட்ஃபோன நேரா அதுல மாட்டாதீங்க.

நடுவுல ஒரு சிப்பு இருக்கு, என்ஜேஎம்4556ஏ. ஒரு பக்கத்துக்கு 70 மில்லிஆம்ப் தரும். ஸ்லூ ரேட் (அவுட்புட் எவ்வளவு வேகமா ஏறி இறங்க முடியும்ங்கறது) 3 வோல்ட் பெர் மைக்ரோசெகண்ட்தான்னு பலபேர் ஒதுக்கிடறாங்க, எனக்கு அதுல வருத்தம் உண்டு. 20 கிலோஹெர்ட்ஸ்ல 5 வோல்ட் பீக் போறதுக்கு வேண்டியதே 0.63 வோல்ட் பெர் மைக்ரோசெகண்ட்தான், நிஜ பாட்டுல அதுவும் வராது. 2011ல வெளிவந்த ஓ2ங்கிற ஓப்பன் டிசைன் ஆம்ப்ல இந்த சிப்போட ரெண்டு பக்கத்தையும் ஆளுக்கு ஒரு 1 ஓம் ரெசிஸ்டர் போட்டு பேரலலா சேத்திருப்பாங்க, சேனலுக்கு 140 மில்லிஆம்ப் வந்துடும், அவுட்புட் இம்பீடன்ஸும் அரை ஓம்தான். பஃபர் (ஓப்-ஆம்புக்குப் பின்னாடி நின்னு கரண்ட் கூட்டித் தர்ற தனி சிப்பு, கீழ வருது) இல்லாம பிளேனார் ஓட்டணும்னா நான் முதல்ல கை காட்டறது இந்த வழிதான். புது சிப்புல ஓபிஏ1656 நல்லது, 100 மில்லிஆம்ப் வரைக்கும் தரும், நாய்ஸும் கம்மி, ஆனா சின்ன எஸ்ஓ பேக்கேஜ்ல வர்றதால சாக்கெட்ல போட ஒரு அடாப்டர் போர்டு வேணும்.

இப்ப இன்புட் பக்கம். இங்கதான் டேட்டாஷீட்ல முதல் வரிய மட்டும் பாத்து வாங்கறவங்க மாட்டிக்கறாங்க. ஒருத்தர் ஒரு ஆம்ப கொண்டு வந்தாரு, வால்யூம திருப்பினா கரகரன்னு சத்தம், பாட் (வால்யூம் திருப்பற பொட்டென்ஷியோமீட்டர்) புதுசு, ரெண்டு தடவ மாத்தியாச்சு, போகவே இல்ல. திறந்து பாத்தா 50 கே வால்யூம் பாட், நேரா என்இ5532, கெயின் (சிக்னல எத்தனை மடங்கு பெருக்குதுங்கறது) 11. அந்த சிப்போட இன்புட் பின் வழியா சுமார் 200 நானோஆம்ப் பயாஸ் கரண்ட் (சிப்பு வேலை செய்யறதுக்கு அதோட இன்புட்டுக்கு வேண்டிய சின்ன கரண்ட்) ஓடும். பாட்டோட நடு எலக்ட்ரிக்கல் பாயிண்ட்ல அது பாக்கற ரெசிஸ்டன்ஸ் 12.5 கே, அப்ப 2.5 மில்லிவோல்ட் டிசி, அத 11ஆல பெருக்கினா 27 மில்லிவோல்ட். பாட்ட திருப்ப திருப்ப அந்த டிசி ஏறி இறங்குது, அதுதான் கரகர. பாட்ட எத்தனை மாத்தினாலும் அது போகாது. ஜேஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) இன்புட் இருக்கற ஓபிஏ2134 போட்டோம், அந்த நிமிஷமே அமைதியாயிடுச்சு. ஜேஃபெட்ல பயாஸ் கரண்ட் பிக்கோஆம்ப் அளவுதான். இல்ல 5532 மாதிரி பைபோலார் சிப்புதான் வேணும்னா 10 கே பாட் போட்டு கெயின குறைங்க, இல்லாட்டி பாட்டுக்கும் இன்புட்டுக்கும் நடுவுல ஒரு கப்பாசிட்டர போட்டு இன்புட்ட ஒரு ரெசிஸ்டர் வழியா கிரவுண்ட் பண்ணுங்க.

நாய்ஸ் விஷயத்துலயும் இதே பாட்தான் குறுக்க நிக்கும். ஓபிஏ1612ல 1.1 நானோவோல்ட்னு போட்டிருக்கு, அடேங்கப்பான்னு இருக்கும். ஆனா 10 கே பாட் நடுவுல இருந்தா 2.5 கே ரெசிஸ்டன்ஸ் தானாவே 6.4 நானோவோல்ட் நாய்ஸ் போடும், அதுக்கு மேல இந்த சிப்போட கரண்ட் நாய்ஸ் 1.7 பிக்கோஆம்ப் அதே 2.5 கே வழியா போய் இன்னொரு 4 நானோவோல்ட் சேக்கும். கடைசில கூட்டிப் பாத்தா 5 நானோவோல்ட் ஜேஃபெட்டான ஓபிஏ1642 கிட்டத்தட்ட அதே எடத்துல வந்து நிக்குது. பாட் இல்லாம டாக்கோட (டிஜிட்டல் பாட்ட அனலாக் சிக்னலா மாத்தற கருவி) அவுட்புட்ல நேரா போடற எடத்துக்குத்தான் 1612 சரியான ஆளு.

நாய்ஸ் யாருக்கு முக்கியம்னா இன்-இயர் வச்சிருக்கறவங்களுக்கு. 16 ஓம், மில்லிவாட்டுக்கு 110 டெசிபல் உள்ள இன்-இயர் ஒண்ணு, ஆம்ப் டிஎல்072, கெயின் 11. அந்த சிப்போட நாய்ஸ் 18 நானோவோல்ட்ட 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு கணக்கு போட்டா 2.5 மைக்ரோவோல்ட், அத 11ஆல பெருக்கினா 28 மைக்ரோவோல்ட், அது அந்த இயர்ல 37 டெசிபல் சத்தம். அமைதியான ரூம்ல உஸ்ஸுன்னு தெளிவா கேக்கும். அதே எடத்துல 5 நானோவோல்ட் சிப்பு, கெயின் 2ன்னு வச்சா 11 டெசிபலுக்கு இறங்கிடும், காதுக்கே எட்டாது. இதுல சிப்ப விட கெயின்தான் அதிகமா வேலை செஞ்சிருக்குங்கறத பாருங்க. சிமாய்னு பேர் வாங்கின அந்த பழைய 9 வோல்ட் பேட்டரி ஆம்ப்ல கெயின் 11, அத அப்படியே காப்பி அடிச்சு இன்னைக்கு 2 வோல்ட் தர்ற டாக்கோட சேக்கறாங்க. 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு வேண்டியது 0.57 வோல்ட், டாக் தர்றது 2 வோல்ட், அப்ப கெயின் 1 போதும், பாட் எட்டு மணி நிலையிலயே காது அடைக்கற கஷ்டமும் இல்ல. ஒண்ணே ஒண்ணு, கெயின் 1ல வைக்கப் போறீங்கன்னா சிப்பு யூனிட்டி கெயின்ல (அதாவது கெயின் 1ல) தானா ஆடாம நிலையா நிக்கற வகையான்னு பாருங்க. என்இ5534 வெளிய கப்பாசிட்டர் போடாம கெயின் 3க்கு கீழ நிக்காது, ஓபிஏ637க்கு 5 வேணும். பேர் ஒரே மாதிரி இருக்கேன்னு ஓபிஏ627 எடத்துல அத சொருகிட்டு அவஸ்தைப்பட்டவங்க நெறைய.

சப்ளை பத்தி சுருக்கமா. 9 வோல்ட் பேட்டரி ஒண்ணு வச்சா நடுவுல பிரிச்சு ±4.5, அதுல என்இ5532 மாதிரி சிப்பு ரெண்டு பக்கமும் சுமார் ஒன்றரை வோல்ட்ட முழுங்கிடும், மிச்சம் 3 வோல்ட் பீக், பேட்டரி பழசாக பழசாக அதுவும் இல்ல. அந்த 300 ஓம் ஹெட்ஃபோனுக்கு 3.5 வோல்ட் பீக் வேணும், அப்ப ரெண்டு பேட்டரியோ ±12 சப்ளையோதான் வழி. செயற்கையா கிரவுண்ட் உண்டாக்கறீங்கன்னா ஹெட்ஃபோன்ல இருந்து திரும்பி வர்ற கரண்ட் பூரா அந்த நடுப்புள்ளி வழியாதான் போகும்ங்கறத மறக்காதீங்க. டிஎல்இ2426 ரெயில் ஸ்ப்ளிட்டர் 20 மில்லிஆம்புக்குத்தான் உத்தரவாதம், பிளேனார் போட்டா அதுக்குத்தான் முதல்ல மூச்சு முட்டும். இன்னொண்ணு, ஆம்பும் டாக்கும் ஒரே யுஎஸ்பி சப்ளைல இருந்தா அந்த செயற்கை கிரவுண்டும் டாக்கோட நிஜ கிரவுண்டும் ஆடியோ கேபிள் வழியா முட்டிக்கும், பாதி சப்ளை ஷார்ட்.

சரி, பஃபர். உங்க கணக்குல பீக் கரண்ட் 60, 70 மில்லிஆம்ப தாண்டுதுன்னா, இல்ல ஒரே ஆம்ப்ல எல்லா ஹெட்ஃபோனும் ஓடணும்னு ஆசைப்பட்டா, பஃபர் போடுங்க. பஃபருக்கு வோல்ட்டேஜ் கெயின் கிடையாது, உள்ள வந்தத அப்படியே வெளிய விடும், ஆனா கரண்ட் நெறைய தரும். பஃப்634 ரொம்ப காலமா இருக்கு, 250 மில்லிஆம்ப். எல்எம்இ49600ம் 250தான். எல்டி1010 இன்னும் பழசு, 150 மில்லிஆம்ப், 20 மெகாஹெர்ட்ஸ்.

பஃபர ஓப்-ஆம்போட ஃபீட்பேக் (அவுட்புட்ட திரும்ப இன்புட்டுக்கு கொண்டு போற பாதை) வட்டத்துக்குள்ள வைக்கணும், இது ரொம்ப முக்கியம். ஓப்-ஆம்ப் அவுட்புட்ல இருந்து ஒரு 100 ஓம் ரெசிஸ்டர், அதுல இருந்து பஃபர் இன்புட், பஃபரோட அவுட்புட்ல இருந்து ஃபீட்பேக் ரெசிஸ்டர் திரும்பி ஓப்-ஆம்போட மைனஸ் இன்புட்டுக்கு. இப்படி போட்டா பஃபர் பண்ற தப்பையெல்லாம் ஓப்-ஆம்ப் திருத்திடும். பஃபர தனியா வெளிய விட்டா அதோட டிஸ்டார்ஷனும் சில பத்து மில்லிவோல்ட் ஆஃப்செட்டும் நேரா ஹெட்ஃபோனுக்குள்ள போகும்.

வட்டத்துக்குள்ள வச்சா இன்னொரு நிபந்தனை வருது, பஃபர் ஓப்-ஆம்ப விட நல்ல வேகமா இருக்கணும், ஏன்னா பஃபர்ல ஆகற தாமதம் ஃபீட்பேக்ல சேந்து சர்க்யூட்ட ஆஸிலேட் பண்ண (சிக்னல் இல்லாமலே தானா ஆட) வச்சுடும். பஃப்634ல முதல் பின்னுக்கு பேண்ட்வித் பின்னுன்னு பேரு. அத சும்மா விட்டா 30 மெகாஹெர்ட்ஸ், தின்ற கரண்ட் ஒன்றரை மில்லிஆம்ப். அத நெகட்டிவ் சப்ளையோட இணைச்சா 180 மெகாஹெர்ட்ஸ், 15 மில்லிஆம்ப். நடுவுல ரெசிஸ்டர் போட்டு இடைப்பட்ட வேகமும் வச்சுக்கலாம். 8 மெகாஹெர்ட்ஸ் ஓபிஏ2134க்கு சும்மா விட்டாலே போதும், பேட்டரி ஆம்புக்கு அதுதான் நல்லது. 55 மெகாஹெர்ட்ஸ் எல்எம்4562 மாதிரி வேகமான ஆளுக்குப் பின்னாடி நிறுத்தறதுன்னா நெகட்டிவ்ல கட்டிடுங்க. அப்ப ±12 சப்ளைல ஒண்ணும் பாடாமலே ஒவ்வொரு பஃபரும் 0.36 வாட் சூட தரும், டப்பாவுல காத்து போக வழி விடுங்க. ஹீட்சிங்க் மாட்ற வகையில வர்ற பஃப்634லயும் எல்எம்இ49600லயும் முதுகுல இருக்கற உலோகப் பட்டை கிரவுண்ட் இல்ல, நெகட்டிவ் சப்ளை. ரெண்டு சேனலையும் ஒரே ஹீட்சிங்க்ல போட்டு அந்த ஹீட்சிங்க டப்பாவோட ஒட்ட வச்சீங்கன்னா சப்ளை புகையும்.

இப்ப அந்த சிப்பு மாத்தி கேக்கற விஷயம். ஒரு நாள் என்இ5532 இருந்த வீரோ போர்டுல எல்எம்4562 போட்டேன். மேல ட்ரெபிள்ல ஒரு பளபளப்பு, சிம்பல் அடிச்சா காத்துல மிதக்கற மாதிரி, ஆஹா இதுதான்யா சிப்புன்னு ரெண்டு நாள் சந்தோஷம். மூணாவது நாள் பாட்டு ஓடாத நேரத்துல தற்செயலா விரல வச்சேன், சுட்டுச்சு. சப்ளைல மீட்டர் போட்டா 40 மில்லிஆம்ப் காட்டுது, டேட்டாஷீட்படி ரெண்டு பக்கமும் சேத்து 10தான் இருக்கணும். ஸ்கோப்ல பாத்தா அவுட்புட்ல பல மெகாஹெர்ட்ஸ்ல ஒரு சைன் வேவ் ஓயாம ஆடிக்கிட்டு இருக்கு. அந்த பளபளப்பு அதுதான். சாக்கெட்டுக்கு அடியில நாலாவது பின்னுக்கும் எட்டாவது பின்னுக்கும் நடுவுல கால நறுக்கி ஒரு 100 நானோஃபாரட் செராமிக்க ஒட்டினேன், கரண்ட் 10க்கு இறங்கிடுச்சு, சூடு போச்சு, பளபளப்பும் போச்சு, பழைய 5532கிட்ட இருந்து பிரிச்சு சொல்ல முடியல.

அதனால சிப்பு மாத்தினா கேக்கறதுக்கு முன்னாடி சப்ளை கரண்ட அளந்து டேட்டாஷீட்டோட ஒப்பிட்டுப் பாருங்க. ஸ்கோப் இல்லாதவங்களுக்கு இத விட நல்ல சோதனை கிடையாது. போர்டு பக்கத்துல கைய கொண்டு போனா அவுட்புட்ல டிசி அளவு ஆடுதுன்னா அதுவும் ஆஸிலேஷனோட அறிகுறி. ஹெட்ஃபோன் கேபிளுக்கே சில நூறு பிக்கோஃபாரட் கப்பாசிட்டன்ஸ் இருக்கும், அதனால கேபிள மாட்டியும் கழட்டியும் ரெண்டு தடவ அளங்க. அவுட்புட்ல சீரிஸா ஒரு சின்ன ரெசிஸ்டர் போட்டா சிப்பு அமைதியாகும், ஆனா ஹெட்ஃபோன் இம்பீடன்ஸ்ல எட்டுல ஒரு பங்க தாண்டாதீங்க, 32 ஓமுக்கு 4 ஓம், 16 ஓமுக்கு 2. அதுக்கு மேல போனா பல டிரைவர் உள்ள இன்-இயர்ல டோனே மாறிடும், ஏன்னா அதுங்க இம்பீடன்ஸ் ஒவ்வொரு ஃப்ரீக்வென்சிலயும் ஒவ்வொரு மாதிரி.

ரெண்டு சிப்ப நிஜமாவே காதுல ஒப்பிடணும்னா 1 கிலோஹெர்ட்ஸ் டோன் போட்டு அவுட்புட் வோல்ட்டேஜ 1 சதவீதத்துக்குள்ள ஒண்ணா வச்சுக்கிட்டு, எது எதுன்னு தெரியாத மாதிரி வேற ஒருத்தர மாத்தச் சொல்லி கேளுங்க. சத்தம் துளி அதிகமா இருந்தாலே அது நல்ல சிப்பு மாதிரி தோணும்.

போலி சிப்பு பத்தியும் சொல்லணும். விலை ஏறின ஓப்-ஆம்ப் பேருல எத வாங்கினாலும் சந்தேகத்தோட வாங்குங்க. எனக்கு ஒரு தடவ வந்த சிப்போட முதுக அசிட்டோன் நனைச்ச பஞ்சால துடைச்சேன், எழுத்து கறுப்பு பெயிண்டோட சேந்து வந்துடுச்சு, அடியில வேற நம்பர். துடைச்சும் எழுத்து நிக்குதேன்னு விட்றாதீங்க, லேசர்ல எழுதின போலியும் வருது. அதுக்கும் அதே சப்ளை கரண்ட் சோதனைதான். ஓபிஏ1612 ரெண்டு பக்கமும் சேத்து 7 மில்லிஆம்புக்கு மேல தின்னணும், 3 காட்டுச்சுன்னா அது வேற எதோ. அங்கீகாரம் பெற்ற டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட வாங்கற சாதாரண 5532, எங்கயோ வாங்கின "ஒரிஜினல்" 1612வ விட எப்பவும் மேல்.

எல்லாம் கட்டி முடிச்சதும் நேரா நல்ல ஹெட்ஃபோன மாட்டாதீங்க. சிப்பு சாக்கெட்ல எந்தப் பக்கம் பாத்து உட்கார்ந்திருக்குன்னு வெட்டுக்குறிய பாருங்க, திருப்பிப் போட்டா பிளஸ்ஸும் மைனஸ்ஸும் மாறி ஒரு நொடியில போயிடும். டூயல் சிப்போட எடத்துல சிங்கிள் சிப்ப போட முடியாது, டூயல்ல எட்டாவது பின்னுல வர்ற பிளஸ் சப்ளை சிங்கிள்ல ஏழாவதுல இருக்கு. ஹெட்ஃபோன் எடத்துல ரெண்டு சேனலுக்கும் 33 ஓம் ரெசிஸ்டர் மாட்டி, இன்புட்ட ஷார்ட் பண்ணி, டிசி அளங்க. 5 மில்லிவோல்ட்டுக்குள்ள இருந்தா நிம்மதி, 20க்கு மேல இருந்தா பயாஸ் கரண்ட், கெயின், பாட் மூணையும் திரும்ப கணக்கு போடுங்க. வால்யூம முழுசா திருப்பியும் அளங்க, பத்து நிமிஷம் கழிச்சு சூடேறினதும் அளங்க. அப்புறம் போனா வருத்தமில்லாத ஒரு பழைய இயர்போன மாட்டி, ஆன் ஆஃப் பண்ணும்போது எவ்வளவு பலமா டப்புன்னு அடிக்குதுன்னு கேட்டுட்டு, அதுக்கப்புறம் உங்க நல்ல ஹெட்ஃபோன எடுங்க.